"எல்லாத்துக்கும் மெசின் இருக்குது, அப்புறம் உனக்கென்ன வேலை?"

கேள்வி:

பல்லடம் பக்கம் ஒரு கிராமம். எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலை 8.10-க்கு கம்பெனி வேன் வரும், திரும்பி வர 6.45 ஆகிவிடும். வீட்டுக்காரர் வீட்டை ஒட்டிய குடோனில் 8 தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறார். மகள் பத்தாவது, மகன் ஏழாவது. அத்தைக்கு 68 வயது, எங்களோடுதான் இருக்கிறார்.

கேஸ், குக்கர், மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், வாசிங் மெசின் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் வெடியால 4.45-க்கு எழுந்தால் ராத்திரி 10.30 வரை உட்கார நேரமில்லை. "எல்லாத்துக்கும் மெசின் இருக்குது, அப்புறம் உனக்கென்ன வேலை?" என்கிறார் வீட்டுக்காரர். "நாங்கெல்லாம் ஆட்டாங்கல்லுல ஆட்டி, கெணத்துல தண்ணி சேந்தி, பத்துப் பேருக்கு ஆக்கிப் போட்டோம்" என்கிறார் அத்தை. சொன்னால் வீட்டுக்காரர் உதவி செய்வார், குறை சொல்ல மாட்டேன். இப்போது கல்யாண நாளுக்குப் பாத்திரம் கழுவும் மெசின் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்த வேலைகளை நேரத்தோடு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குத்தான் சுறுசுறுப்பு போதவில்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் எந்தக் குறையும் இல்லை. முப்பது வருடம் கோவையில் மனையியல் நடத்தியவள் நான். குடும்ப வள மேலாண்மைதான் என் பாடம். வீட்டில் யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. உங்கள் தாளை நாலு முறை படித்தேன். வீணாகப் போன பத்து நிமிடத்தைக்கூட அதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

துணி துவைத்ததை மட்டும் எடுத்துப் பார்ப்போம். வீட்டில் மற்றவர்களிடம் கேட்டால் "மெசின்ல போட்டாச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நீங்கள் எழுதியிருப்பதோ நாலு இடத்தில் நாலு வரி. அறை அறையாகப் போய்த் துணி பொறுக்கி, பாக்கெட் பார்த்து, யூனிபார்ம் காலரைத் தனியாகத் தேய்த்துப் போட்டது 20 நிமிடம். மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்க் காயப்போட்டது 20. பொழுதோடு எடுத்து வந்து மடித்து, யாருடையது யாருக்கு என்று பிரித்து அலமாரியில் வைத்தது 35. ராத்திரி அயர்ன் 25. மெசின் ஓடியது 55 நிமிடம், உங்கள் கை ஓடியது 100 நிமிடம். துவைக்கிற வேலையில் மெசின் வாங்கிக்கொண்டது நடுவில் ஒரே ஒரு துண்டை. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கிறது.

இதை உங்கள் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க வெகுதூரம் போக வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற தறியைக் காட்டினால் போதும். தறியும் மெசின்தான். சுவிட்சைப் போட்டால் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா தானாகத்தான் போய் வருகிறது. அதற்காகக் குடோனைப் பூட்டிவிட்டு அவர் எங்காவது போய்விடுகிறாரா? நாடாவுக்குள் நூல் சுற்றி வைத்த தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தீர்ந்தால் புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு தறியாகப் பார்த்து ஓட்டிவிட வேண்டும். கைத்தறிக் காலத்தில் ஒரு ஆள் ஒரு தறியில் உட்கார்ந்து நெய்தார். விசைத்தறி வந்ததும் அவர் பாதி நாளில் வேலை முடித்து வீட்டுக்குப் போனாரா என்றால் இல்லை. நாலு தறி, ஆறு தறி, எட்டுத் தறி என்று பார்க்க ஆரம்பித்தார். ஷிப்டு 12 மணி நேரமாகவே நின்றது, நெய்கிற துணியின் மீட்டர்தான் கூடியது. "உங்க தறி மாதிரித்தானுங்க என் மெசினும்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நெசவு தெரிந்த மனிதருக்கு இது உடனே உறைக்கும்.

வீட்டில் மீட்டர் எங்கே கூடியது என்று நீங்கள் கேட்கலாம். நான் பிறந்தது காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில். எங்களுக்கு வெடியால பழையதும் மோரும் சின்ன வெங்காயமும். மற்ற நேரத்துக்குக் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி. இட்டிலியும் தோசையும் தீபாவளிக்கு, ஊர் நோம்பிக்கு, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் மட்டும். வருடத்துக்கு ஏழெட்டு நாள் அம்மா ஆட்டாங்கல்லின் முன்னால் உட்கார்ந்திருப்பார். குழவி சுற்றும் சத்தம் கேட்டாலே எங்களுக்கு நோம்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கல்லில் மோட்டாரைப் பூட்டியது நம் ஊர்தான். 1930-களில் நீலகிரியில் உள்ள பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் வந்தது, அதைத் தொட்டு மில்கள், மோட்டார், பம்புசெட் பட்டறைகள் என்று கோயமுத்தூர் வளர்ந்தது. 1955-ல் சபாபதி என்பவர் அங்கே மாவாட்டும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். இன்று கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியதும் கூலி வேலைக்குப் போகிற பெண்ணின் வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது. மிகப் பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. கிரைண்டர் வந்ததும் ஆட்டும் நேரம் குறைந்தது, ஆட்டும் நாட்கள் கூடின. நோம்பிச் சாப்பாடு தினச் சாப்பாடாகி, அதற்குத் தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, சாம்பார் என்று வரிசையும் சேர்ந்தது. உங்கள் தாளில் அந்த ஞாயிறு காலை வீட்டுக்காரருக்குத் தோசை, மகளுக்குச் சப்பாத்தி, மகனுக்கு நூடுல்ஸ், சர்க்கரை இருப்பதால் அத்தைக்கு ராகிக்களி. நாலு பேருக்கு நாலு பலகாரம்! விறகடுப்பில் சமைத்த என் அம்மாவிடம் யாரும் இப்படிக் கேட்டிருக்கவே முடியாது. இருந்தது ஒரு அடுப்பு, வெந்தது ஒரு சோறு. மெசின் வந்ததால் கேட்க முடிகிறது, கேட்பதால் செய்ய வேண்டியிருக்கிறது.

துணியும் அப்படித்தான். அன்று இரண்டு நாள், மூன்று நாள் கட்டிய சேலையை அழுக்கு என்று யாரும் சொல்லவில்லை. இன்று யூனிபார்ம், விளையாட்டு யூனிபார்ம், டியூசனுக்கு வேறு உடுப்பு. ஒருமுறை தோளில் ஏறி இறங்கியதெல்லாம் துவைக்கிற கூடைக்குப் போகிறது.

இது நம் வீடுகளில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. அமெரிக்காவில் வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரத்தை ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974-ல் கணக்கிட்டு வெளியிட்டார். 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம். 1960-களில் சுமார் 55. இடைப்பட்ட நாற்பது வருடத்தில்தான் அங்கே வீட்டுக்கு வீடு பிரிட்ஜும் துவைக்கும் மெசினும் வந்தன. ஆஸ்திரேலியாவில் 1997-ல் எடுத்த நேரக் கணக்கை வைத்து, மெசின் உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் ஒப்பிட்டு 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. மெசின் இருப்பதால் பெண்ணின் வேலை நேரம் குறைவது அபூர்வம், சிலவற்றில் கூடக்கூடச் செய்கிறது என்பதே அவர்கள் கண்டது.

இன்னொரு காரணமும் உண்டு. என் மனதை அதிகம் வருத்துவது இதுதான். ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதைத் தெளிவாகப் பார்த்தவர். புதுச் சாதனங்கள் வந்தபோது முதலில் மறைந்தது வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் செய்துகொண்டிருந்த வேலைகள் என்றார் அவர். நம் பக்கம் அப்படியே பொருந்துகிறது. என் அப்பா விறகு பிளப்பார், பருத்திமார் கட்டிக் கொண்டுவருவார். அண்ணன் தானியத்தைச் சைக்கிளில் வைத்து மெசினுக்குக் கொண்டுபோய் மாவரைத்து வருவான். நானும் தங்கையும் தண்ணி சேந்துவோம். அம்மிச்சி முறத்தில் கல் பொறுக்குவார். அடுப்பு கேஸானதும் விறகு பிளக்கிறவருக்கு வேலை தீர்ந்தது, அடுப்பு முன்னால் நிற்கிறவருக்குத் தீரவில்லை. துணி வெளுக்க வருகிறவர்கள் இருந்தார்கள். பிறந்த சாதியை வைத்து அவர்கள் தலையில் கட்டிய வேலை அது, போனதே நியாயம். ஆனால் அந்த மூட்டை வந்து இறங்கிய இடமும் வீட்டுப் பெண்ணின் தோள்தான். பலர் பங்கு போட்டுச் செய்தது, மெசின் வந்த பிறகு ஒருத்தி தனியாகச் செய்வதாகிவிட்டது.

இந்தியாவுக்கென்று கணக்கு வேண்டுமென்றால், மத்திய அரசு 2019-லும் 2024-லும் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019-ல் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படப் போனேன். கழித்துப் பார்த்தால் இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இது வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களின் சராசரி மட்டும். 2019 கணக்கில் அப்படிச் செய்த ஆண்கள் 100-க்கு 26 பேர், பெண்கள் 81 பேர்.

அத்தையிடம் வாதாட வேண்டாம். அவர் சொல்வது உண்மை. உலக்கை பிடித்த தோளும் புகை குடித்த நெஞ்சும் என்ன பாடுபடும் என்று என் அம்மாவைப் பார்த்து எனக்குத் தெரியும். மெசின்கள் உடம்பைக் காப்பாற்றியிருக்கின்றன, அதற்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். நேரத்தையும் சேர்த்து மிச்சப்படுத்தியவை என்று நான் சொல்வது இரண்டை. வீட்டுக்குள் வந்த தண்ணீர்க் குழாய், கேஸ் அடுப்பு. அத்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், குத்தலாக இல்லாமல், பழமை பேசுகிற மாதிரி: "நீங்க ஆட்டறப்ப கூட யாருங்கத்தை இருந்தாங்க?" நங்கையா இருந்தார், ஓரகத்தி இருந்தார், பக்கத்துச் சாளைக்காரர் வந்து மாவைத் தள்ளிவிட்டார் என்று அவரே சொல்லுவார். வேலை கடுமையாக இருந்தது, ஆனால் ஆள் இருந்தது. 8.10 வேனும் இல்லை. இதை அவர் வாயாலேயே சொன்ன பிறகு உங்களைப் பார்க்கிற பார்வை மாறும் என்று நம்புகிறேன்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். "சொன்னால் உதவி செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அந்தச் "சொன்னால்" என்பதே ஒரு வேலை. மாவு என்றைக்குத் தீரும், கேஸ் எப்போது பதிய வேண்டும், ஆத்துத் தண்ணி எந்த நாள் வரும், மகனுக்கு நாளைக்கு எந்த யூனிபார்ம் என்று நாள் முழுக்க மனதில் ஓட்டிக்கொண்டிருப்பது உங்கள் தாளில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. கம்பெனிக் கணக்கு எழுதும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். எந்த மெசினும் இதை வாங்கிக்கொள்ளாது. உதவி கேட்காதீர்கள். ஒரு வேலையை அடியிலிருந்து நுனிவரை ஒப்படைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது துணி. குடோன் வீட்டை ஒட்டி இருக்கிறது, பகலில் வீட்டுப் பக்கம் இருக்கிறவர் அவர்தான். எட்டுத் தறிச் சத்தத்தில் எது நின்றது என்று கண்டுகொள்கிற காது அவருடையது. மெசின் முடிந்து கூப்பிடுவது அந்தக் காதுக்கு நிச்சயம் கேட்கும். துணி பொறுக்குவது முதல் அலமாரியில் அடுக்குவது வரை அவரும் மகனும் பார்க்கட்டும். ஏழாவது படிக்கிற பையனுக்குச் சட்டை மடிக்க வராதா? மகளிடம் மட்டும் கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்குப் பொதுத்தேர்வு வருடம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இதே தாளை இருபது வருடம் கழித்து அவள் எழுதக் கூடாது. முதல் மாதம் மடிப்பு கோணலாக இருக்கும், வெள்ளைச் சட்டையில் சாயம் ஏறும். பிரித்துத் திரும்ப மடிக்கப் போகாதீர்கள். ஒருமுறை மடித்துவிட்டால் அந்த வேலை உங்களிடமே திரும்பி வந்துவிடும்.

உங்கள் பக்கம் போர்த் தண்ணி சப்பை, அதாவது உப்புத் தண்ணி, என்று தெரியும். அதில் சோப்பு நுரைக்காது, துணி விறைக்கும், தண்ணீர் சூடாக்கும் மெசினாக இருந்தால் காயிலில் உப்புப் படியும். துணி சரியாக வெளுக்கவில்லை என்று இரண்டாம் முறை போடுகிறீர்களே, பாதி காரணம் அதுதான். தண்ணீர் உள்ளே வரும் குழாய் முனையில் ஒரு சல்லடை இருக்கும், அதை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். மெசினோடு வந்த புத்தகத்தில் உப்பு நீக்குவதற்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதையும் செய்ய வேண்டும். தறிக்கு எண்ணெய் விடுகிறவருக்கு இது பெரிய காரியம் இல்லை, அதையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.

காலைப் பலகாரம் இனி ஒன்றுதான் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அத்தைக்குச் செய்கிற களியையே எல்லோரும் சாப்பிடலாம். நம் தாத்தா பாட்டி சாப்பிட்ட சாப்பாடு, உடம்புக்கும் நல்லது. நூடுல்ஸ்தான் வேண்டும் என்றால் மகன் தானே செய்துகொள்ளட்டும். இதில் உங்களுக்கு மனம் இடம் கொடுக்காது என்று தெரியும். பிள்ளைக்குப் பிடித்ததைச் செய்யாவிட்டால் அம்மா என்ன அம்மா என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், செய்யுங்கள்.

"உனக்கென்ன வேலை" என்ற பேச்சு மறுபடி வந்தால் ஒன்றை அமைதியாகச் சொல்லலாம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்திலும் மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்ட உழைப்பு பங்களிப்புதான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய தமிழக அரசு அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தது. நீங்கள் வெளியே சம்பாதித்துக்கொண்டே இதையும் செய்கிறீர்கள்.

இனி பாத்திரம் கழுவும் மெசின். கெட்ட சாதனம் இல்லை. ஆனால் அதுவும் நடுத்துண்டைத்தான் செய்யும். எச்சிலை வழித்துப் போட்டு, போசியையும் வட்டலையும் அதனதன் இடத்தில் கவிழ்த்து அடுக்க வேண்டும். ஓடி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். பிறகு எடுத்துச் சமையலறையில் திரும்ப அடுக்க வேண்டும். அடிப்பிடித்த சட்டியும் பெரிய இட்டிலிச் சட்டியும் பெரும்பாலும் உங்கள் கைக்கே திரும்பி வரும். சப்பைத் தண்ணியில் வட்டல் மேல் வெள்ளைத் திட்டு விழும், அதைத் தடுக்க மெசினில் தனி உப்பைத் தீரத் தீரப் போட வேண்டும். அடுக்குவதும் எடுப்பதும் உப்புப் போடுவதும் நீங்கள்தான் என்றால் இது இன்னொரு தறி. ஒன்பதாவது தறியை உங்கள் தலையில் கட்டுவதைக் கல்யாண நாள் பரிசு என்று நான் சொல்ல மாட்டேன்.

அதனால் வாங்கும் முன் இரண்டு வாரம், ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அவரும் பிள்ளைகளும் முறை வைத்துக் கையால் கழுவட்டும். நீங்கள் அந்த நேரம் வாசலில் போய் உட்காருங்கள். இரண்டு வாரம் கழித்தும் மெசின் வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் தாராளமாக வாங்கட்டும். எத்தனை போசி சேர்கிறது, எந்த அளவு மெசின் போதும், உப்பு யார் போடுவது என்பதெல்லாம் அதற்குள் அவருக்கே தெரிந்திருக்கும்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். அத்தை சொல்லச் சொல்ல மகன் எழுதிக் கொடுக்கட்டும். ஐந்து தாளையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.